மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் பூசணிக்காய்

தணிகாசலத்தின் வலது கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்ட பவர் பிரஸ்ஸுக்கு மறுநாளே மாலை போட்டார்கள். எலுமிச்சம்பழ மாலை. கூடவே ஒரு சேவலையும் அறுத்தார்கள். கட்டைவிரல் மட்டும் மிச்சமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்கு ஒரு கிலோ ஆப்பிள் போயிற்று. கம்பெனி யாருக்குப் பயந்தது என்பது அதிலேயே விளங்கிவிட்டது.

தண்டலத்தைத் தாண்டி, பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தகர ஷெட் அது. ஐந்து பிரஸ்கள். மேஜை விசிறிக்கான தகட்டுச் சாமான்களை வெட்டிக் கொடுக்கும் வேலை. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டன்கள் உண்டு. இரு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே நிற்கும் இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க எவனோ ஒரு புண்ணியவான் யோசித்துச் செய்த ஏற்பாடு. அப்படி அமுக்கிக்கொண்டிருந்தால் பீஸ் எண்ணிக்கை ஏறாது என்று சூப்பர்வைசர் டில்லிபாபு யோசித்தார். எல்லாப் பிரஸ்ஸிலும் வலது பட்டன் அமுங்கியே இருக்க ஒரு மர ஆப்பைச் செருகிவிட்டார். இனி இடது கை அமுக்கும், வலது கை தகட்டைத் தள்ளும். மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, ஓ.டி. ஷிப்டில், இரண்டு கைகளும் தத்தம் வேலையை ஒரே நொடியில் செய்தன.

சேரப்பணஞ்சேரியில் அவன் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "உயிரு தப்பிச்சதே பெருசு" என்று சொல்லிவிட்டுக் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கட்டைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுவானா என்று எதிர்பார்த்த மாதிரிகூட இருந்தது.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. ஊர் பேர் தெரியாத நாட்டுக்காரர்களெல்லாம் கேமராவோடு வந்து இறங்கினார்கள். ஜூனில் கட்டு மாற்ற பஸ்ஸில் போன தணிகாசலத்துக்கு ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

"பாம்லயாபா?"

"இல்லீங்க. பிரஸ்ஸுல."

"ஓ, கம்பெனியா" என்றார் அவர். குரலில் இருந்த ஏமாற்றத்தை அவர் மறைக்கக்கூட முயலவில்லை. எழுந்துவிட்டோமே என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரல் போனதில்கூட மேல்சாதி கீழ்சாதி வைத்திருக்கிறார்கள் என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டான். அன்று முதல் எவன் கேட்டாலும் "நாய் கடிச்சிச்சி" என்று சொல்லப் பழகினான்.

அவன் மனைவி சசிரேகா மட்டும் ஒரு நாளும் "ஐயோ பாவம்" என்று சொன்னதில்லை. தட்டை முன்னால் வைப்பாள். இடது கையால் பிசைந்து அவன் பாதியைத் தரையில் சிந்துவான். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "கோழிக்குத் தனியா போட வேணாம் இனிமே" என்பாள்.

"ஊட்டி வுட்டா கொறஞ்சா பூடுவ?"

"ஊட்டலாம்யா. அப்பறம் குளிப்பாட்டணும். அப்பறம் தொட்டில் கட்டணும். எனக்கு ஏற்கெனவே ரெண்டு கீது."

கோபத்திலேயே அவன் இடது கை சோறு பிசையக் கற்றது. பிறகு சட்டைப் பட்டன் போட்டது, சைக்கிள் செயினை மாட்டியது. ஆனியில் குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கும் தாவீதிடம் போய், தரையில் கரியால் படம் போட்டுக் காட்டி, மணிக்கட்டில் கட்ட ஒரு தோல் பட்டை கேட்டான். உள்ளங்கைப் பக்கம் ஸ்பேனர் நுழைய ஒரு பை. தாவீது இரண்டு முறை பிரித்துத் தைத்தான். மூன்றாம் முறை ஸ்பேனர் ஆடாமல் நின்றது.

"இத்த மாட்டிக்கினு இன்னா பண்ணப் போற?"

"டை செட் பண்ணப் போறேன்."

டை என்பது தகட்டை வெட்டும் அச்சு. அதைப் பிரஸ்ஸில் சரியாகப் பொருத்துகிறவன் செட்டர். கம்பெனியின் பழைய செட்டர் அம்பத்தூர் பக்கம் போய்விட்டார். எட்டு வருஷம் அவருக்குக் கைகொடுத்த தணிகாசலத்துக்கு அந்த வேலை தெரியும். இப்போது அதை டில்லிபாபு செய்துகொண்டிருந்தார். பாதித் தகடு பிசிறோடு விழுந்தது.

ஆடி முழுக்க, பக்கத்து நிலத்தில் செத்துக் கிடந்த பம்ப் செட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். ஆவணியில் கம்பெனிக்குப் போனான். முதலாளி கோதண்டராமன் நல்லவர், அதாவது யாரையும் திட்டமாட்டார். எழுந்து வந்து தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"உன்ன வுட்டுருவனா? கேட்டுல சேர் போட்டுக் கீது. ஜாலியா குந்து."

"டை செட் பண்றேன் மொதலாளி. ஒரு தபா பாருங்க."

முதலாளி டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு தோல் பட்டையைப் பார்த்துச் சிரித்தார். "நாய்க்குக் கட்ற மாதிரி கீதே! உள்ள ஒரு விரல் தொலச்சன்னு வெய்யி, யாரு பதில் சொல்றது?"

விரல் தொலைவதைப் பற்றி டில்லிபாபு பேசியது அதுதான் முதல் தடவை. தணிகாசலம் கேட்டுக்குப் போனான். ஆனால் நாற்காலியில் உட்காரவில்லை. அதில் ஒரு நாள் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் அதுதான் என்று அவனுக்குத் தெரியும். லாரி வந்தால் கதவைத் திறந்தான், மற்ற நேரம் நின்றான். நாற்காலியில் ஒரு பூனை படுத்துக்கொண்டது.

உள்ளே மூன்றாம் நம்பர் பிரஸ் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. மாலை போட்டும் சேவல் அறுத்தும் ஒருவரும் அதில் உட்கார ஒப்பவில்லை. காவு கேட்ட மிஷின், அது கடித்த ஆளே வந்து கும்பிட்டு சாந்தி செய்தால்தான் அடங்கும் என்று ஷெட்டில் ஒரு சட்டம் உருவாகியிருந்தது. ஆப்பைப் பிடுங்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தீபாவளிக்குள் கொடுக்க வேண்டிய ஆர்டர் நிறைய இருந்தது. முதலாளி ஒரு பூசணிக்காயோடு கேட்டுக்கே வந்துவிட்டார்.

"தணிகா, உன் கையால மூணாம் நம்பருக்குச் சுத்தி ஒடச்சிடு. எல்லாரும் கேக்கறாங்க."

"எந்தக் கையால?"

முதலாளி உள்ளே நடந்தார். தணிகாசலம் பின்னால் போனான். தார்ப்பாயை எடுத்துவிட்டுப் பிரஸ்ஸைக் கழுவி, திருநீற்றுப் பட்டை போட்டிருந்தார்கள். வலது பட்டனில் ஆப்பு அப்படியே இருந்தது. அதற்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் இட்டிருந்தார்கள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கியபோதுதான் வழி தெரிந்தது.

"நான் கும்பிட்டா அடங்கும்ன்றீங்க" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அப்ப எங்கிட்டதான் அதுக்குக் கணக்கு கீது. டையையும் நான்தான் மாட்டணும். வேற ஆளு மாட்டனா திரும்பக் கேக்கும்."

"இன்னாடா கதை வுடற?" என்றார் டில்லிபாபு.

"அண்ணன் சொல்றது கரெக்டு சார்" என்றாள் பாஞ்சாலி. மூன்றாம் நம்பரில் உட்கார வேண்டியவர்கள் என்று முதலாளி போட்ட பட்டியலில் முதலில் இருந்தவள் அவள். "அவரு மாட்னாதான் நான் குந்துவேன்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஏழு மாத உழைப்புக்குக் கிடைக்காததை ஒரு பொய் ஒரு நிமிஷத்தில் வாங்கிக் கொடுத்தது. தணிகாசலத்துக்கு அவர்கள் மேலும் தன் மேலும் ஒரே அளவு வெறுப்பு வந்தது. ஆனாலும் பட்டையை இறுக்கிக் கட்டினான்.

முதலில் ஆப்பைப் பிடுங்கி, சந்தனத்தோடு டில்லிபாபுவின் உள்ளங்கையில் வைத்தான். டையைத் தூக்கி வைக்க மட்டும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி மேல் அச்சை மயிரிழை மயிரிழையாக இறக்கினான். இடது கை போல்ட்டைப் பிடிக்க, வலது மணிக்கட்டு இறுக்கியது. இரண்டு முறை ஸ்பேனர் நழுவியது. பட்டைக்குள் தழும்பு எரிந்தது. பழைய செட்டர் அரை மணியில் முடிக்கிற வேலைக்கு ஒன்றேகால் மணி ஆயிற்று. கற்பூரம் எப்போதோ அணைந்துவிட்டது. கடைசியில் ஒரு துண்டு தினத்தாளை வைத்துக் கையால் சுற்றி வெட்டிப் பார்த்தான். நான்கு பக்கமும் ஒரே சீராக அறுந்திருந்தது. பிறகு தகடு.

டில்லிபாபு விழுந்த தகட்டை எடுத்து விளிம்பைத் தடவினார். திருப்பித் தடவினார். பிசிறு இல்லை.

"லேட்டு" என்றார்.

"லேட்டுதான்" என்றான் தணிகாசலம்.

தகட்டை முதலாளி வாங்கிப் பார்த்து, நாளையிலிருந்து செட்டிங் இவன் பார்க்கட்டும் என்றார். அவர் பூசணிக்காயை நீட்டியபோது தணிகாசலம் வாங்கவில்லை. "சாம்பாருக்கு ஆவும், வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க" என்றான். முதலாளி அதை டில்லிபாபுவிடம் கொடுத்தார். டில்லிபாபு வாசலில் ரொம்ப பக்தியோடு உடைத்தார்.

பாஞ்சாலி பிரஸ்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு அவன் வெட்டுப்பட்ட கையையும் தொட்டு ஒற்றிக்கொள்ள வந்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணா, இனிமே கடிக்காதுல்ல?"

"கடிக்கும்."

அவள் முகம் வெளுத்தது. "இன்னாண்ணா, நீ செட் பண்ணியும்?"

"சாமியா அது, செட் பண்ணா அடங்கறதுக்கு? இரும்புமா. ரெண்டு பட்டன்லயும் ரெண்டு கையி இருந்தா கடிக்க ஒண்ணும் இருக்காது. பீஸ் கம்மின்னு எவனாவது கத்தனா என்ன இட்டுக்கினு வா."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பயத்தில் இரண்டு கையையும் பட்டன்கள் மேல் வைத்தாள். இரும்பு இறங்கி ஏறியது. அவளை அவன் நம்ப வைக்கவும் முயலவில்லை. அதற்கெல்லாம் நாள் பிடிக்கும். நான்காம் நம்பரின் ஆப்புக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். அது பட்டனில் நன்றாக இறுகிப்போயிருந்தது. சுத்தியலைத் தேடி நடந்தான்.