நிறம் எழுதாத கட்டம்

எங்கள் அப்பா தனிஸ்லாஸ் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். வருகைப் பதிவேட்டில் ஆசிரியர்கள் போடும் கையெழுத்தை நேற்றைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஆள். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு பால் பாக்கெட்கூட தேதி பார்க்காமல் நுழைந்ததில்லை. அந்த ரத்தம்தான் எனக்கும். கல்லூரியில் என்னை 'சிபிஐ ஆன்மேரி' என்பார்கள். கோபப்படுவதுபோல் நடிப்பேன், உள்ளுக்குள் பெருமைதான்.

பி.எஸ்சி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு. ஒத்தக்கடையைத் தாண்டி எங்கள் கல்லூரி. ஆங்கில அகரவரிசையில் அழகுபாண்டிக்கு அடுத்த பெயர் என்னுடையது என்பதால் ஆய்வகத்தில் மூன்று வருடமும் இருவருக்கும் ஒரே மேசை. அவன் அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். அதிகம் பேசமாட்டான், ஆனால் எந்தக் கணக்கையும் என்னைவிடச் சீக்கிரம் முடித்துவிடுவான். ஒழுங்காகப் படிக்கிறவன்போல் தெரிகிறவர்கள் மேல்தான் எனக்கு முதலில் சந்தேகம் வரும்.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. போட்டோசெல் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு பல்பு, எதிரே ஒரு போட்டோசெல், நடுவில் செருக நான்கு கலர் கண்ணாடிகள். ஒவ்வொரு நிற ஒளிக்கும் எத்தனை வோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் நிற்கிறது என்று அட்டவணையில் எழுத வேண்டும். அட்டவணையின் முதல் கட்டமே 'நிறம்'தான். அழகுபாண்டி அதைக் காலியாக விட்டுவிட்டு வோல்ட்டை மட்டும் எழுதுவான். நான் என் நோட்டில் நிறத்தை எழுதி முடித்ததும் அவன் கண் மெல்ல இந்தப் பக்கம் வரும். பிறகு எழுதுவான். நோட்டைக் கையால் மறைத்து வைத்தால், "இது என்ன, சிவப்பா?" என்று எதுவும் தெரியாதவன்போல் கேட்பான். கண்ணாடி கையில் இருக்கிறது, கேள்வி என்னிடம் வருகிறது! என்னை ஏதோ ஆழம் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

கடைசி செமஸ்டர் செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் சீக்கிரம் போனேன். ஆய்வக உதவியாளர் பேயாண்டி அண்ணன் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே அழகுபாண்டி தனியாக நின்றான். மேசையில் கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது, அவன் கையில் கறுப்பு மார்க்கர். என்னைப் பார்த்ததும் மார்க்கர் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"என்ன பண்ற?"

"சும்மா பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான். முகம் காதுவரை சிவந்திருந்தது.

அவன் டீ குடிக்கப் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் சட்டம். சிவப்பின் சட்டத்தில் ஒரு புள்ளி, மஞ்சளில் இரண்டு, பச்சையில் மூன்று. எல்லாம் மிளகு அளவுக்குக்கூட இல்லை. நீலத்தில் மட்டும் ஒன்றுமில்லை. நீலத்தை ஏன் விட்டான் என்பது கொஞ்சம் இடித்தது. ஆனால் தேர்வுக்கு முன்னால் கருவியில் ரகசியக் குறி போடுகிறவன் எதற்குப் போடுவான்? விடையை எடுத்துக்கொடுக்கத்தான். அந்த ஒரு வாரமும் அவனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். தினமும் ஒருமுறையாவது அந்தப் பெட்டியைத் தொட்டான்.

துறைத் தலைவியிடம் சொல்லியிருக்கலாம். போட்டுக்கொடுத்தவள் என்ற பெயர் வேண்டாமென்று நினைத்தேன். அதுவுமில்லாமல், அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். "ஒரு அரியர் விழுந்தாலும் திருப்பூருக்குப் பஸ் ஏத்திருவேன், பனியன் கம்பெனில ஆள் கேக்குறாங்க" என்று அவன் அப்பா காசிமாயன் சொல்லியிருந்தார். எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் எம்.எஸ்சி. சரி, இவன் படிப்பைக் கெடுக்க வேண்டாம், திருட்டை மட்டும் கெடுப்போம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். தேர்வுக்கு முந்தின நாள் மாலை, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஆறு புள்ளிகளையும் துடைத்தேன். அன்றைக்கு ரொம்ப நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு நியூட்டன் வளையங்கள், மைக்ராஸ்கோப்பில் ஒளி வளையங்களை எண்ணுகிற சோதனை. அவனுக்கு அதே போட்டோசெல். பக்கத்து மேசை.

சீட்டைப் பிரித்ததும் அவன் முகம் மலர்ந்ததைக் கவனித்தேன். இருடா இரு, பெட்டியைத் திற என்று காத்திருந்தேன். திறந்தான். ஒரு கண்ணாடியை எடுத்துச் சட்டத்தைத் திருப்பினான். இன்னொரு பக்கம் திருப்பினான். அடுத்ததை எடுத்தான். எல்லாச் சட்டங்களையும் விரல் நுனியால் தடவிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன். மாட்டினான் என்று உள்ளே ஒரு சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன்.

கொஞ்சம் கழித்து மறுபடி எட்டிப் பார்த்தேன். நீலத்தை எடுத்த எடுப்பில் தனியாக ஒதுக்கி வைத்திருந்தான். மற்ற மூன்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சிவப்பை ஒரு கையிலும் பச்சையை ஒரு கையிலும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினான். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். இடம் மாற்றிப் பிடித்தான். திரும்பவும் பார்த்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

நிறம் எழுதாத கட்டம், "இது என்ன, சிவப்பா?", புள்ளி வைக்காத நீலம் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. அவனுக்கு நிறம் தெரியவில்லை. நீலத்தைத் தவிர மற்றதெல்லாம் அவன் கண்ணுக்கு ஒன்று. அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் அவன் கண்ணாடிகளையே அடையாளம் கண்டுகொண்டிருந்தான். நான் போய் அதைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சொல்லிவிடலாமா? தேர்வு அறையில் வாயைத் திறந்தால் இருவரையும் வெளியே அனுப்புவார்கள். நான் வளையங்களை எண்ணினேன். பதினொன்றுக்குப் பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது. திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவன் மேசையில் நின்றார். அட்டவணையைப் பார்த்தார்.

"ரீடிங் எல்லாம் இருக்கு, கலர எங்கப்பா? மனப்பாடம் பண்ணிட்டு வந்து எழுதுனதா?"

"இல்ல சார், எடுத்ததுதான்."

நான்கு கண்ணாடிகளும் மேசையில் வரிசையாக இருந்தன. அவர் மூன்றாவதை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது என்ன கலர்? சொல்லு."

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒருத்தன் சிரித்தான். அழகுபாண்டி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"கண்ணுல தெரியாது சார். எனக்குப் பொறந்ததுலருந்தே சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்." அட்டவணையில் விரலை வைத்தான். "ஆனா இதுல கரண்ட் நிக்கிறதுக்குப் புள்ளி ஆறு நாலு வோல்ட் ஆச்சு. மத்த ரெண்டுக்கும் அம்புட்டு ஆகல. நீலத்துக்குத்தான் இதவிடக் கூட. அப்ப நீலத்துக்கு அடுத்தது பச்சைதான் சார். வோல்ட்ட வச்சுத்தான் அடுக்கியிருக்கேன். இப்பத்தான் கலர் எழுதப் போனேன்."

தேர்வாளர் கண்ணாடியைப் பார்த்தார். பச்சை. மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், கடைசியில் நீலம். எல்லாவற்றையும் அதே இடத்தில் வைத்தார்.

"இப்பச் சொன்னத அப்படியே எழுதுப்பா" என்று அட்டவணைக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

தேர்வு முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவன் வீட்டுக்குப் போன் போட்டு, "நல்லா பண்ணிட்டேன்ப்பா" என்று சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"பழைய ரீடிங்கோட ஒத்துப் பாத்துக் கண்ணாடில அடையாளம் வச்சிருந்தேன் ஆன்மேரி. காணோம். பேயாண்டி அண்ணன் பரீட்சைக்காகச் சுத்தமா தொடைச்சிருப்பாரு போல. பாவம், அவருக்கென்ன தெரியும்?"

எனக்கு அவமானமாக இருந்தது. இவனுக்கு யார் மேலும் சந்தேகமே வராதா?

"நான்தான் அழிச்சேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "சும்மா இரு. அந்த அண்ணன் மாட்டிக்கக் கூடாதுன்னு நீ ஏத்துக்கிறியாக்கும்?"

"நேத்து சாயங்காலம். ஸ்பிரிட் தொட்டு."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. "எதுக்கு?"

"நீ காப்பி அடிக்கிறேன்னு நெனச்சேன்."

மாட்டுத்தாவணி பஸ் வந்து நின்றது. அவன் பையைத் தோளில் மாட்டினான். கோபம் இருக்கும் என்று முகத்தைத் தேடினேன். அப்படி எதுவும் தெரியவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"மூணு வருசமாப் பக்கத்துலதான நிக்கிற. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"ஒங்கிட்ட சொல்லியிருப்பேன்" என்று படியில் ஏறிக்கொண்டான்.

எனக்கும் அதே பஸ்தான். நான் ஏறவில்லை.