அலுமினியப் பூச்சுக்கு அடியில் ஓர் அம்பு

மூன்று நாளாக அடி. திருத்தங்கல் பட்டறைக்குள் டங் டங்கென்று ஒரே சத்தம்.

ஐம்பது வருசத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கார் அது. இரண்டே பேர்தான் உட்காரலாம். பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதி அதைப் பழையபடி ஓட வைக்க ஆசைப்பட்டு லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். சக்கரத்துக்கு நாலைந்து போல்ட்டு கிடையாது. நடுவில் இரண்டு காது வைத்த ஒரே பெரிய நட்டு. காதில் தட்டித்தான் கழற்ற வேண்டும். நாலு சக்கரத்தில் ஒன்றுகூட அசையவில்லை.

பட்டறைக்காரர் ரத்தினசாமி சுத்தியலைக் கீழே போட்டார். சாயங்காலத்துக்குள் கழலாவிட்டால் வண்டி கோயமுத்தூர்ப் பட்டறைக்குப் போய்விடும் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

"கேஸ் வச்சு சூடு காட்டிருவோம்."

மேசையில் பில் எழுதிக்கொண்டிருந்த பத்திரகாளி எழுந்து வந்தாள். பி.ஈ. மெக்கானிக்கல் படித்தவள். அவள் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள். எட்டு மாதமாக இந்தப் பட்டறையில் பில் எழுதுகிறாள். ஸ்பானரைத் தொட யாரும் விட்டதில்லை.

"அண்ணாச்சி, நெருப்பு வேண்டாம்."

"நீ போயி பில்ல எழுது தாயி."

அவள் சிலிண்டர் திருகை இறுக்கி மூடினாள். நட்டின் மேல் வெள்ளிப் பூச்சு தடித்துக் கிடந்தது. அந்த நிறம் அவளுக்குத் தெரியும். அவள் அம்மா சின்னத்தாய் பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து வரும்போது நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் அதே நிறம்.

"இது என்ன பெயிண்ட்டுன்னு பாத்தீகளா?"

"ஆயுத பூசைக்கு வருசா வருசம் கம்பெனி ஆளுக அடிச்சு விட்டது. பளபளன்னு இருக்கட்டுமின்னு."

"வார்னிஷ்ல மத்தாப்பு மருந்துக்குப் போடுற அலுமினியப் பொடிய கலந்து அடிச்சிருக்காக. கீழ துரு. ரெண்டும் சேந்து சூடு ஏறுச்சுன்னா மத்தாப்பு மாதிரி பத்தி இரும்பையே உருக்கிரும். நீங்க இரும்புச் சுத்தியல்ல அடிக்கையில வெள்ளையாப் பொறி பறந்துச்சே, அப்பவே யோசிச்சிருக்க வேண்டாமா? எங்கம்மா கம்பெனியில இரும்பையே உள்ள விட மாட்டாக."

ரத்தினசாமிக்கு முகம் சிவந்தது. "இருபத்தஞ்சு வருசம் லாரியில கை வச்சவன் நான். எனக்கே பாடமா? சரி, நீ கழட்டு. கழட்டிட்டா நாளையிலருந்து பில்ல நான் எழுதுறேன்."

"பேச்சு மாறக்கூடாது."

தின்னரில் துணியை நனைத்து நட்டின் மேல் கட்டி வைத்தாள். ஊறியதும் மூங்கில் சில்லால் சுரண்டினாள். வருசத்துக்கு ஒன்றாகத் தோல் தோலாக உரிந்தது பூச்சு. கடைசித் தோலுக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது. பக்கத்தில் ஓர் அம்பு.

"கழட்டுன்னு எழுதியிருக்கு. அம்பு வண்டிக்கு முன்பக்கம் காட்டுது. நீங்க எந்தப் பக்கமா அடிச்சீக?"

ரத்தினசாமி பின்பக்கமாகக் கை காட்டினார். லாரிக்கு இடது பக்கச் சக்கரத்தை ஒரு திசையிலும் வலது பக்கத்தை எதிர்த்திசையிலும் கழற்ற வேண்டும். அந்தக் கணக்கிலேயே இதையும் அடித்திருந்தார். இந்தக் காருக்கு அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

"மூணு நாளா நாலையும் இறுக்கியிருக்கீக அண்ணாச்சி."

கிரீசும் டீசலும் விட்டு, காதின் மேல் மரக்கட்டையை வைத்து, செம்புச் சுத்தியலால் முன்பக்கமாக அடித்தாள். பத்து. இருபது. தோள் எரிந்தது. முப்பதைத் தாண்டியதும் கட்டைக்கடியில் ஏதோ விட்டுக்கொடுத்தது. நட்டு கால்வாசி சுற்றியது. இன்னும் தட்டத் தட்ட இரண்டு சுற்று தளர்ந்தது.

ஆனால் சக்கரம் வரவில்லை. உள்ளே அச்சின் பல்லோடு அதன் பல் சேர்ந்து துருப்பிடித்து நின்றது.

"அதான் பாத்தேன்" என்றார் ரத்தினசாமி, உயிர் வந்தவராக.

"இன்னும் முடியல. கீழ இறக்குங்க வண்டிய. நட்டு ரெண்டு சுற்று தளர்ந்தே இருக்கட்டும். முன்னயும் பின்னயும் தள்ளுவோம். வண்டி பாரமே பல்ல விடுவிக்கும்."

பட்டறையில் இருந்த நாலு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். மூன்றாம் தள்ளுக்குக் கிரீச்சென்று ஒரு சத்தம். ஜாக்கி ஏற்றி நட்டை முழுதாகக் கழற்றி இழுத்தாள். சக்கரம் அவள் மடியில் வந்து விழுந்தது.

சாயங்காலம் கனகசபாபதி வந்தபோது நாலு சக்கரமும் சுவரில் சாய்ந்திருந்தன.

"பலே ரத்தினசாமி, கழட்டிட்டீகளே!"

"நான் கழட்டுனேன்" என்றாள் பத்திரகாளி, கிரீஸ் கையைத் துடைக்காமலே.

முதலாளி ரத்தினசாமியைப் பார்த்தார். ரத்தினசாமி மேசைக்குப் போய், பில் புத்தகத்தைத் திறந்து, பேனாவைத் தேடினார்.

"ஏ தாயி, முதலாளி பேருக்கு எந்த 'ன' போடணும்?"

"மொதல்ல எழுதுங்க. தப்பாப் போச்சுன்னா நான் கழட்டிக்கிறேன்."

அவள் பிரேக் டிரம்முக்குக் குனிந்தாள். அதுவும் இறுகித்தான் கிடந்தது.