மீன்கொத்தியை நேரில் அழைக்கவில்லை

பாப்பம்மாள் லேஅவுட்டில் பொழுதை விடிய வைப்பது என் வேலை. சம்பளம் கிடையாது. குளக்கரையில் நடப்பேன். ஒரு பறவையைப் படம் எடுப்பேன். அதன்மேல் 'காலை வணக்கம்' என்று எழுதி லேஅவுட் வாட்ஸப் குழுவில் போடுவேன். உடனே விடிந்துவிடும். பால்காரர் மணியடிப்பார்.

முன்பு இதைப் பார்த்துக்கொண்டிருந்த கதிரேசன், மகளோடு இருக்க ஓசூர் போய்விட்டார். என்னிடம் கேமரா இருந்தது. சர்க்கரையும் இருந்தது. எப்படியும் இவர் நடக்கத்தானே போகிறார் என்று சங்கத்தில் என்னையே போட்டுவிட்டார்கள்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. மில்லில் இருந்தபோது நான் போகாவிட்டாலும் எல்லாம் ஓடியது.

ஆனால் ஏதோ ஒரு படத்தைப் போட்டுவிட முடியாது. பறவை இருக்க வேண்டும். முகம் தெரிய வேண்டும். ஒருமுறை சோம்பல்பட்டுச் செம்பருத்திப் பூவை அனுப்பினேன். நேராக மத்தியானம் வந்துவிட்டது. அடுப்பில் இட்லி வைத்திருந்தவர்கள் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். கை நடுங்கி எடுத்த மைனாவுக்கு நாள் முழுக்க மூடுபனி. ஆந்தையை அனுப்பிய அன்று எல்லோரும் இரண்டாவது முறை ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டார்கள். கோழியை அனுப்பினால் விடியும், ஆனால் ஞாயிற்றுக்கிழமையாகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைப் பார்த்தாலே கொக்கரிப்பது அதனால்தான்.

முதுகு காட்டும் பறவையை மட்டும் அனுப்பவே கூடாது. நேற்று விடியும்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தங்கமுத்துவின் மகள் மேகலாவுக்குக் கல்யாணம். ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தங்கமுத்து பாதியாகிவிட்டிருந்தார். கடைசியில் எங்களுக்கு மேற்கே இருக்கும் பச்சையம்மன் கார்டனிலேயே மாப்பிள்ளை அமைந்தது. பம்புசெட் கடை வைத்திருப்பவர். அதிகாலை முகூர்த்தம். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும்.

எனவே சீக்கிரமே கிளம்பினேன். குளக்கரை அன்று நீளமாக இருந்தது. அவசரமான நாட்களில் அது அப்படித்தான் செய்யும். நடக்க நடக்க சிமெண்ட் பெஞ்சுகள் முளைத்துக்கொண்டே போயின. அப்போதுதான் முளைத்த பெஞ்சில்கூட நன்கொடை கொடுத்தவர் பெயர் எழுதியிருந்தது.

கம்பியில் மீன்கொத்தி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அந்தப் பக்கமும் முதுகுதான். கொக்கு, நீர்க்காகம், தாழைக்கோழி, கூழைக்கடா, எல்லாமே முதுகு. இத்தனை முதுகுகளை நான் ஒருசேரப் பார்த்தது ரேஷன் கடையில் மட்டும்தான்.

"கொஞ்சம் திரும்புங்க," என்றேன்.

"எதுக்குங்க?" என்றது மீன்கொத்தி.

"விடியணும்."

"விடியட்டும்."

"நீங்க திரும்பினாத்தானே விடியும்."

"வேலை இருந்தா மட்டும் எங்க ஞாபகம் வருதாக்கும்." அது வாலை ஒருமுறை ஆட்டியது. "தங்கமுத்து ஊட்டுல கண்ணாலமாமா. குரூப்புல பார்த்தோம்."

"ஆமா."

"குரூப்புலதான் பார்த்தோம்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தங்கமுத்து அலைச்சல் தாங்காமல் பத்திரிகையை வாட்ஸப்பில் போட்டிருந்தார். 'இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்' என்று கீழே ஒரு வரி. மனிதர்கள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார்கள். பறவைகளும் என் படங்களில் வந்த வகையில் அந்தக் குழுவில் இருக்கின்றன. பதில் எதுவும் போடாது. பார்க்கும்.

தங்கமுத்து போனில் வந்தார். கல்யாண மண்டபம் எங்கள் லேஅவுட்டுக்கும் பச்சையம்மன் கார்டனுக்கும் எல்லையில் இருக்கிறது. மணமகன் அறை அவர்கள் பக்கம், அங்கே விடிவது என் பொறுப்பில் இல்லை. மணமகள் அறையும் மேடையும் எங்கள் பக்கம்.

"ண்ணா, மாப்பிள்ளை ரூம்புல வெயில் அடிக்குதுங்."

"அடிக்கும்."

"இங்க கும்மிருட்டு. மாப்பிள்ளையோட தாய்மாமன் சட்டையக் கழட்டிப்போட்டு விசிறிட்டு உக்காந்திருக்காரு. முகூர்த்தம் முடியப்போகுதுங்கறாரு. நம்ம பக்கம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்ளே."

"மீன்கொத்தியை நேர்ல கூப்பிட்டயா?"



"கார்டு அனுப்புனனேண்ணா," என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் போனை வைப்பதற்கு முன்பே கரையின் அந்தக் கோடியில் ஸ்கூட்டர் விளக்கு தெரிந்தது. மேகலா பட்டுச்சேலையோடு வந்துகொண்டிருந்தாள். மல்லிகைப்பூவின் மேல் ஹெல்மெட். காலடியில் தாம்பூலத் தட்டு. அவளுக்காகக் கரை மளமளவென்று சுருங்கியது. மணப்பெண் என்றால் அதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

"யாருக்கு முதல்ல பத்திரிகை வைக்கோணும் பெரியப்பா?"

"பயமா இல்லையா அம்மிணி?"

"பயமாத்தான் இருக்குதுங்க." ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "எத்தனையோ பேரு வந்து பஜ்ஜி தின்னுட்டு லெட்டர் போடறோம்னு போனாங்க. இவருதான் நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு. எனக்கு இவரைப் பிடிச்சிருக்குது. இன்னைக்கு விட்டா இவங்க மாமன் வேற இடம் பார்த்துருவாரு."

கூழைக்கடாவுக்குத்தான் முதலில் வைக்க வேண்டும் என்றேன். வயதில் பெரியது, கோபத்திலும் பெரியது. மேகலா குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை நீட்டினாள். கூழைக்கடா அதை அலகுப் பைக்குள் போட்டுக்கொண்டது. தட்டையும் போட்டுக்கொள்ளப் பார்த்தது.

"எந்தப் பக்கம் குடுக்கறாங்க?"

"பச்சையம்மன் கார்டனுங்க."

"அங்க குளம் இருக்குதா?"

"இல்லீங்க. பைப்புல நல்லா வருமுங்க."

"தண்ணி இருந்தாச் சரி," என்று அது திரும்பி உட்கார்ந்தது.

நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டே, கொக்குக்கு வைத்தாயிற்றா என்று விசாரித்தது. உங்களுக்கு வைத்துவிட்டுத்தான் என்றாள். கொக்கிடம் போய் அதையே திருப்பிச் சொன்னாள். முக்குளிப்பான்தான் படுத்தியெடுத்தது. அவள் கிட்டே போனால் முங்கி வேறொரு இடத்தில் எழுந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அதற்கு மேல் முறுக்கிக்கொள்ள அதனாலும் முடியவில்லை.

கடைசியாக மீன்கொத்தி.

"கடேசியாத்தான் வந்தயாக்கும்."

"சாவகாசமாப் பேசலாம்னுதானுங்க."

"முதப் பந்தியா, ரெண்டாம் பந்தியா?"

"உங்களுக்கு முதப் பந்திங்க. இலையும் பெரிய இலையாப் போடச் சொல்றனுங்க."

மீன்கொத்தி திரும்பியது. என்ன ஒரு நீலம். நான் கேமராவைத் தூக்கினேன். அவ்வளவு பறவைகளும் ஒரே சமயத்தில் கிளம்பிவிட்டன.

"எங்க போறீங்க?" என்று கத்தினேன்.

"கண்ணாலத்துக்குத்தானுங்க. கூப்பிட்டாப்புறம் இங்கயே நின்னா நல்லாவா இருக்கும்?"

குளத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

மேகலா ஸ்கூட்டரைத் திருப்பினாள். நான் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈரச்சேலை என் முழங்காலில் அடித்துக்கொண்டே வந்தது.

மண்டபத்தில் பறவைகள் பெண் வீட்டார் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தன. சந்தனம் கொடுத்திருந்தார்கள். குத்துவிளக்கு வெளிச்சத்தில் எது அலகு, எது நாற்காலியின் கை என்றே தெரியவில்லை. ஃபிளாஷ் போட்டால் எல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும். கண் மூடிய படத்துக்கு என்ன விடியுமென்று எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கும் நாள் அதுவல்ல.

"முடியப்போகுதுங்கோ," என்று மணமகன் அறைக்குள்ளிருந்து தாய்மாமன் குரல் கொடுத்தார். தங்கமுத்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

மேகலா நேராகப் போய் அந்த அறைக் கதவைத் தட்டினாள். கதவின் அடியில் ஒரு கோடு வெயில் இருந்தது.

"கதவத் தொறங்க," என்றாள்.

"தாலிக்கு முன்னாடி பார்க்கக் கூடாதுங்கறாங்க," என்றது மாப்பிள்ளையின் குரல்.

"வெளிச்சம் வேணும்."

உள்ளே கொஞ்சம் யோசனை நடந்தது.

"சாப்பிட்டீங்ளா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க."

கதவு திறந்தது. வெயில் மொத்தமாக வெளியே விழுந்தது. மேகலா அதன் நடுவில் நின்றாள், சேலை ஓரத்தில் சேறு, நெற்றியில் வியர்வை. மீன்கொத்தி பறந்துபோய் அவள் தோளில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. படம் எடுக்கும்போது முன்னால் வந்து நிற்பதில் அதுவும் மற்ற விருந்தாளிகளைப் போலத்தான்.

எடுத்தேன். எழுதினேன். அனுப்பினேன்.

எங்கள் பக்கம் ஜன்னல் ஜன்னலாக விடிந்தது. மேளக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். தாய்மாமன் சட்டையைத் தேடினார், கூழைக்கடா அதன்மேல் உட்கார்ந்திருந்தது. சட்டை இல்லாமலே வந்து நின்றார். முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது. தங்கமுத்து அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். கேமரா நனையாமல் பார்த்து அழுதேன்.

முதல் பந்தியில் மீன்கொத்திக்குப் பெரிய இலை போட்டார்கள். மீன் இல்லையே என்று அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கியது.

மறுநாள் குளக்கரைக்குப் போனேன். ஒரு பறவைகூட இல்லை. பெண்ணைக் கொண்டுபோய்விட மாப்பிள்ளை வீட்டுக்குப் போனவர்களோடு எல்லாம் போயிருந்தன. அங்கே கவனிப்பு நன்றாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் திரும்பவில்லை. நான் இருட்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். நல்லவேளையாக அன்று கரை நீளாமல் இருந்தது.

தங்கமுத்து போன் செய்தார்.

"ண்ணா, விடிய வைக்கப் போறீங்ளா?"

"பறவை இல்லையேப்பா."

"நல்லதாப் போச்சுங்." அவர் குரல் சரியில்லை. "அவசரமில்லீங்ண்ணா. விடிஞ்சா மேகலா ரூம்பு காலியாக் கெடக்கறது கண்ணுல படும். இருட்டுல அவ உள்ள தூங்கற மாதிரியே இருக்குதுங்."

நாங்கள் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு விடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது போன் ஒருமுறை அதிர்ந்தது. மேகலா ஒரு படம் அனுப்பியிருந்தாள். சமையலறை ஜன்னல். கம்பிக்கு நடுவே மீன்கொத்தி, முகம் பளிச்சென்று. பின்னால் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் டம்ளரோடு நீண்டிருந்த ஒரு கை மட்டும் தெரிந்தது, பம்புசெட் கிரீஸ் ஏறிய நகங்கள். மேலே எழுதியிருந்தாள்: காலை வணக்கம் பெரியப்பா. சாப்பிட்டாச்சு.

"தங்கமுத்து," என்றேன், "இப்ப ஒண்ணு போடறேன். பயப்படாம பாரு."

குழுவில் போட்டேன்.

எங்கள் லேஅவுட்டில் அன்று மேற்கிலிருந்து விடிந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. காலையில் லேசாகப் பால் பொங்கிய வாசனை வந்ததாக மட்டும் சிலர் சொன்னார்கள்.

தங்கமுத்துவின் வீட்டில் மேற்குப் பார்த்த ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அது மேகலாவின் அறையில் இருக்கிறது. நான் திரும்பி வந்தபோது அவர் அந்த அறைக்குள் நின்று ஜன்னலை முழுக்கத் திறந்துகொண்டிருந்தார்.