ஓடை நடுவே ஒரு வக்கீல்

ஓடையின் நடுவில் எருதுகள் நின்றுவிட்டன. கிடியன் டல்லக் சாட்டையைச் சொடுக்கினான். அவை ஆகஸ்ட் மாதக் குளிர்கால மழையில் காதை ஆட்டிவிட்டுச் சும்மா நின்றன. அவனுக்குப் பின்னால், கம்பளி மூட்டை ஏற்றும் வண்டியில், அவனுடைய அண்ணன் வக்கீல் அம்ப்ரோஸ் டல்லக் சவப்பெட்டிக்குள் மல்லாந்து படுத்திருந்தார்.

காரணம் ஊருக்கே தெரியும். கெட்ட வார்த்தை கேட்காமல் கிடியனின் எருதுகள் ஒரு நாளும் நகர்ந்ததில்லை. அக்கரையிலோ பாதிரியார் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணி லவினியா.

"நகருங்க கண்ணுங்களா," என்றான்.

முன்னால் பூட்டியிருந்த எருது திரும்பிப் பார்த்தது. அதற்கு நீதிபதி என்று பெயர். இவனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்திருக்கும்.

அண்ணி ஏற்பாடு செய்திருந்தது ஹோரஸ் விக்காமின் குதிரை வண்டியை. விக்காம் ஊரின் இன்னொரு வக்கீல். இந்த மெரிண்டா ஊரில் கோர்ட் என்பது சாராயக் கடையின் பின்னறையாக இருந்த காலத்திலேயே, சிட்னியிலிருந்து புத்தகப் பெட்டியோடு வந்த முதல் வக்கீல் அண்ணன், இரண்டாவது விக்காம். காலை முழுக்க ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள். மத்தியானம் ஒரே மேஜையில் ஆட்டுக்கறி தின்பார்கள். அந்த மேஜைக்குக் கிடியனை யாரும் கூப்பிட்டதில்லை. அண்ணனின் மூச்சு அடங்கியபோது கையைப் பிடித்திருந்ததும் விக்காம்தான்.

அதனால்தான் காலையில், "எங்கண்ணன் எவன் வண்டியிலயும் போகமாட்டாரு," என்று கிடியன் எருதுகளை வாசலுக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். சொன்னபடியே அண்ணன் இப்போது எங்கேயும் போகவில்லை.

"ஏம்ப்பா கிடியன், அங்கேயே புதைக்கறதா முடிவு பண்ணிட்டியா?" என்று அக்கரையிலிருந்து ஒருவன் கத்தினான். அண்ணன் வாதாடிச் சிறையிலிருந்து மீட்ட குதிரைத் திருடன். அழுதுகொண்டேதான் கத்தினான். அந்த அழுகையும் கிடியனுக்குப் பொறுக்கவில்லை. இவன் யார் எங்கண்ணனுக்கு அழ?

விக்காம் தண்ணீரில் இறங்கி வந்தார்.

"உங்க கால்சட்டை நனைஞ்சிடும், வக்கீலய்யா."

"நனைஞ்சாச்சு." பெட்டி ஆடாமலிருக்க அதன்மேல் கையை வைத்தார்.

"கைய எடுங்க."

விக்காம் எடுக்கவில்லை.

"ஊர்ல இருக்கற மாட்டுத் திருடன் அத்தன பேருக்கும் எங்கண்ணன் வாதாடினாரு," என்றான் கிடியன். "என் கேஸ மட்டும் ஏன் உங்ககிட்ட தள்ளிவிட்டாரு?"

பக்கத்துப் பண்ணைக் கன்றுக்குட்டியின் தொடையில் கிடியனின் மாடு என்று காட்டும் சூட்டுக்குறி இருந்த கேஸ் அது.

"நீதான் ஜெயிச்சியே."

"நான் அதக் கேக்கல."

"அதுக்குப் பல காரணம் இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"ஒரு விதத்துல பாத்தா..."

"வக்கீலய்யா, இது கோர்ட்டு இல்ல, ஓடை. அண்ணன் நனையறாரு."

விக்காம் தொப்பியிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"மத்தவங்க சொன்னத அவரால நம்ப முடிஞ்சுது, கிடியன். நீ சொன்னத நம்ப முடியல. 'அவன எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது, நீ பேசு'ன்னாரு. நான் பேசி முடிக்கிற வரைக்கும் வெளிய லாயத்துல, குதிரைங்களோட நின்னுக்கிட்டு இருந்தாரு. என்ன தெரியும்னு போன வாரம்தான் சொன்னாரு. சின்ன வயசுலேர்ந்தே பொய் சொல்றப்போ இடது காதத் தொடுவியாமே. கன்னுக்குட்டி என்னுதுன்னு அவர்கிட்ட சொன்னப்பவும் தொட்டியாம்."

மழை பெட்டியின்மேல் பெய்தது.

கிடியன் பாதிரியாரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பி, அதன் தாய் வழியில் மூன்று தலைமுறையையும் இழுத்து, தனக்குத் தெரிந்த மிக நீளமான வசவைச் சொன்னான். பாதிரியார் வானத்தைப் பார்த்தார். அண்ணி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கிக் கிளம்பியது.

பெட்டி சரியாமல் விக்காம் பிடித்துக்கொண்டே நடந்தார். கையை எடுக்கும்படி கிடியன் இந்த முறை சொல்லவில்லை.

"உடம்பு நடுங்குதே, கிடியன். குளிரா?"

"ஆமா, வக்கீலய்யா. குளிர்தான்."

சாட்டை வலது கையில் இருந்தது. இடது கை காதில் இருந்தது.