ஒன்பதாவது வாரத்தின் மேல் ஒரு கோடு

கெட்டமைன் மருந்து நரம்பில் ஏறும் நாற்பது நிமிடங்களும் என் கைகள் எனக்குச் சொந்தமில்லை. அறையின் மேல்மூலையிலிருந்து, கீழே படுத்திருப்பவனைப் பார்ப்பேன். அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் இருப்பதால் திரும்பி வரலாம் என்று தோன்றும். அவள் ஹில்ட்யெ, க்ரோனிங்கன் நகரில் நடந்த மனச்சோர்வு மருந்து ஆய்வின் நர்ஸ்.

மருந்து வேலை செய்தது. பதினொரு வருடமாகக் கால்வாயைப் பார்க்கும்போதெல்லாம் குதித்துவிடலாம் என்று நினைத்தவன், ஆறாவது வாரத்தில் படகுப் பட்டறைக்குத் திரும்பினேன். ஒன்பதாவது வாரத்தில் சிறுநீர் எரிந்தது. ஒரு நாளைக்கு இருபது முறை. ஹில்ட்யெவிடம் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம், "டாக்டர் பாத்துட்டார். மருந்தால இல்லையாம், உங்களுக்கு முன்னாடி இருந்த சிறுநீர்த் தொற்றுதான்" என்றாள். நம்பி, இன்னும் ஒரு வருடம் மருந்து ஏற்றிக்கொண்டேன்.

போன மாதம் வேறொரு மருத்துவமனையில் சிறுநீர்ப்பையைப் பார்த்த மருத்துவர், "சுருங்கிப் போச்சு. ஆரம்பத்துலயே நிறுத்தியிருந்தா தேறியிருக்கும்" என்றார். அதற்குள் ஆய்வு முடிவுகள் வெளிவந்திருந்தன. சிறுநீர்ப்பைப் பாதிப்பு எவருக்கும் இல்லை என்று அதில் இருந்தது.

ஆய்வு நிலையத்துக்குப் போய், என்னைப் பற்றிய தாள்களைக் கேட்டேன். ஹில்ட்யெவே கொண்டுவந்தாள். காபி ஊற்றி, ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்துவைத்து, டப்பாவை மூடினாள்.

"என்ன கப்பல்காரரே, எங்க மேல கேஸ் போடப் போறீங்களா?"

"டாக்டர் மேல. நீங்கதான் சாட்சி."

அவள் தாள்களை என் பக்கம் தள்ளினாள்.

ஆய்வுத் தாளில் எதையும் அழிக்கக் கூடாது. தவறென்றால் ஒற்றைக் கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் தேதியும் திருத்தியவரின் முதலெழுத்துகளும். ஒன்பதாவது வாரத் தாளில், காரணம் என்ற இடத்தில், 'மருந்தால் இருக்கலாம்' என்பதன் மேல் ஒரு கோடு. அதற்கு மேல், 'தொடர்பில்லை'. பக்கத்தில் டாக்டரின் முதலெழுத்துகளைத் தேடினேன். இருந்தவை ஹில்ட்யெவினுடையவை.

"டாக்டர் இதைப் பாக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஏன்?"

"மருந்தால இருக்கலாம்னு டாக்டர்கிட்ட போயிருந்தா அன்னிக்கே உங்களை ஆய்வுலேருந்து எடுத்திருப்பாங்க. அந்த வாரம்தான் மொத தடவையா ஜோக் அடிச்சீங்க, வீப்ரன். மறுபடி கால்வாய்ப் பக்கம் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"நீங்க நிறுத்தச் சொல்லியிருந்தா?"

"சொல்லியிருப்பேனோ என்னவோ. அது நான் சொல்ல வேண்டியது."

அவள் பிஸ்கட்டை உடைத்தாள். தின்னவில்லை.

"புதுத் தாள் எடுங்க. என் சிறுநீர்ப்பைப் பாதிப்பை இப்ப எழுதுங்க," என்றேன்.

எழுதினாள். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"மொதல்ல எழுதினதையே எழுதுங்க."

எழுதி, தேதியும் முதலெழுத்துகளும் போட்டாள். அதற்குள் எனக்கு அவசரமாக வந்துவிட்டது. காலையிலிருந்து பன்னிரண்டாவது தடவை. ஒரு வருடத்துக்கு மேல் உடம்பையே அவளிடம் விட்டுவிட்டுப் போய் வந்தவன் நான். இந்தத் தாளை அவளிடம் விடாமல், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன்.