ஐந்தாவது கால்

சோப்பு அட்டைப்பெட்டியில் செய்த மாடு ஒன்று, பசை காய்ந்த மறுநாள் காலை ஏழேகாலுக்குக் கூடத்திலிருந்து அடுக்களை வரை நடந்து போய், வாளிக்குப் பக்கத்தில் நின்று, திரும்பி வந்தது. செய்தவளுக்கு நான்கு வயது. அந்த வாரம் மண்ணெண்ணெய் விலை ஏறியிருந்ததால் தெருவில் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. எதிர் வீட்டு லாரி ஓட்டுநர் மட்டும் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "மாட்டுக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா செக்கரே?" என்று கேட்டுவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

செக்கர் என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர். பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவர் பரிசோதகர். ஓடும் பெல்ட்டின் அருகே எட்டு மணி நேரம் உட்கார்ந்து, விளிம்பு நசுங்கியது, வாய் கோணியது, சாயம் வழிந்தது என்று கண்ணில் படும் மூடிகளைப் பொறுக்கிச் சிவப்புத் தட்டில் போடுவார். தள்ளியதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பது அங்கே விதி. தேதி, குறை, கையெழுத்து மூன்றும் உள்ள துண்டுச்சீட்டோடு அதைப் பத்திரமாக வைக்க வேண்டும், பிற்பாடு யாராவது ஏன் தள்ளினாய் என்று கேட்டால் காட்டுவதற்கு. பதினோரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெல்ட் ஓடாது. அன்று அவரும் மகளும் தரையில் செய்தித்தாள் விரித்து உட்காருவார்கள். தையல் வேலை பார்த்த அவர் மனைவி நூல் தீர்ந்த கட்டைகளையும் ஜோடி இழந்த பொத்தான்களையும் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருப்பாள். மைதா மாவில் பசையும் அவள்தான் காய்ச்சுவாள். காலி தீப்பெட்டி, கிழிந்த காலுறை, பற்பசை மூடி என்று வீட்டில் குப்பைக்குப் போக வேண்டியதெல்லாம் அன்றைக்கு அங்கே வந்து சேரும். கத்தரிக்கோல் அப்பா கையில், ஒட்டுவது மகள் கையில் என்று ஏற்பாடு. மாட்டுக்கு அவர் நான்கு கால் வெட்டிக் கொடுத்தார். அவள் ஐந்தாவதாக ஒன்று கேட்டாள்.

"மாட்டுக்கு நாலு கால்தாம்மா."

"நாலும் நடக்கறதுக்குப்பா. நிக்கறதுக்கு ஒண்ணு வேணும்ல?"

வெட்டிக் கொடுத்தார். அவள் அதை வயிற்றுக்குக் கீழே கொஞ்சம் இடப்பக்கமாக ஒட்டினாள். மாடு நடக்கும்போது அந்தக் கால் தரையில் சரக் சரக்கென்று இழுபட்டது. அந்தச் சத்தம் செக்கரின் காதை அறுத்தது. எட்டு நாள் பொறுத்தார். ஒன்பதாம் நாள் வேலைக்குக் கிளம்பிச் சட்டையெல்லாம் மாட்டிய பிறகு, முட்டி போட்டு உட்கார்ந்து, சவரப் பிளேடால் அதை மட்டும் நூல் பிசகாமல் வெட்டி எடுத்தார். பழக்கதோஷம், துண்டுச்சீட்டும் எழுதினார்: 'மாடு. கால் ஐந்து. ஒன்று உபரி. நீக்கப்பட்டது.' காலையும் சீட்டையும் காலி பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரி மேல் வைத்தார். சாயங்காலம் வந்து பார்த்தபோது மாடு வைத்த இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகு அது நடக்கவே இல்லை.

அடுத்து நூல் கட்டையில் செய்த பறவை. ஒரு சிறகு உள்ளங்கை அகலம், மற்றது பாதி. அது வட்டமடித்தே பறந்து, மின்விசிறிக்கு ஒதுங்கி, திரைச்சீலைக் கம்பியில் போய் உட்காரும். பெரிய சிறகைச் சிறியதன் அளவுக்கு நறுக்கினார். பறவை கண்ணாடி அலமாரிக்குள் அலங்காரப் பொருளாயிற்று. காலுறை முயலுக்கு இரண்டு கண்ணும் ஒரே கன்னத்தில் இருந்தன. ஒன்றைப் பிரித்து எதிர்ப்பக்கம் தைத்தார். அதுவரை சுவரோரமாகவே ஓடிக்கொண்டிருந்த முயல், நேராகப் பார்த்தபடி நின்றுவிட்டது. மூன்று சக்கர லாரிக்கு நாலாவது சக்கரம் போட்டார். ஒவ்வொரு முறையும் டின்னுக்குள் ஒரு சீட்டு விழுந்தது.

"ஏங்க, இது என்ன உங்க பெல்ட்டா?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. "கோணலா இருந்தாலும் நடந்துச்சு. இப்ப நேரா நின்னு என்ன சாதிச்சுது?"

"பொம்மைன்னா நாள்பட நின்னுதான் போகும். மெஷினே நிக்குது."

அப்படிச் சொன்னாலும், லாரி நின்ற அன்றே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் அட்டை யானையின் முதுகில் இருந்த வாலை எடுத்துப் பின்னால் ஒட்டினார். வருடக்கணக்கில் அவர் யோசித்தது அந்த யானையைப் பற்றித்தான். மற்றதெல்லாம் தெரியாமல் செய்தது.

ஐந்து வயதில் மகள் ஒட்டுவதற்கு முன்னால் தூக்கிக் காட்டி, "இது சரியாப்பா?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஆறு வயதில் அவளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். பள்ளிக் கண்காட்சியில் அவள் செய்த அட்டை வீட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. இந்த வயசில் கையில் என்ன நேர்த்தி என்று ஆசிரியை வியந்தார். அந்த வீட்டின் கதவு திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. ஏழு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாள் விரித்துக் காத்திருந்த அப்பாவிடம், "ஹோம்வொர்க் இருக்குப்பா" என்றாள். கிண்ணத்துப் பொத்தான்கள் தையல் பெட்டிக்குத் திரும்பின. அவள் படித்தாள், வேறு ஊருக்குப் போனாள், கட்டட வரைபடங்களில் தப்பு கண்டுபிடிக்கும் வேலையில் சேர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், போனில் வாரம் ஒரு முறை அப்பா மாத்திரை போட்டாரா என்று கேட்டாள். அவளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செக்கரின் மனைவி ஒரு மழைக்காலத்தில் நெஞ்சு வலி வந்து ஆறே நாளில் போய்விட்டாள். ஐந்தாம் நாள், "அந்த டின்னை மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க" என்று சொன்னாள். ஓய்வு பெற்ற பிறகு அவர் அதை இறக்கினார். தானே பசை காய்ச்சினார். ஐந்தாவது காலை, வெட்டிய தழும்பு பார்த்து, அது இருந்த இடத்திலேயே ஒட்டினார். ஒட்டிய கோடுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் மாட்டின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு காலைப் பிரித்து மறுபடி டின்னிலேயே போட்டார். சிறகு, வால், கண் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், கடைசியில் அவையும் டின்னுக்குள்ளேயே போயின.

மகள் பத்து நாள் விடுமுறையில் தன் நான்கு வயதுப் பெண்ணோடு வந்தாள். விடுமுறை என்று பெயர். மேஜையில் மடிக்கணினி திறந்தே இருந்தது. வெளியே மழை. பேத்தி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, டின்னை இறக்கித் தரையில் கொட்டினாள்.

"தாத்தா, இதெல்லாம் யாரோடது?"

"உங்கம்மாவோடது."

"ஏன் உடைச்சுட்டீங்க?"

"உடைக்கலைம்மா. சரி பண்ணேன்."

"என்ன தப்பு இருந்துச்சு?"

செக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். முப்பத்துச் சொச்சம் வருடம் கழித்து முதல் ஆளாக ஒருத்தி காரணம் கேட்கிறாள். எல்லாம் அவர் கையெழுத்துதான், தேதியும் இருந்தது. குறை என்று எழுதிய இடத்தில் படித்துக்காட்டும்படி ஒன்றும் இல்லை. "பசை வேணுமா?" என்று கேட்டு எழுந்தார்.

அவள் ஒரு தீப்பெட்டியை நடுவில் வைத்து, டின்னில் இருந்ததையெல்லாம் அதில் ஒட்டினாள். வால் தலையில். சிறகின் நறுக்கு ஒரு பக்கம், காதோ துடுப்போ என்று சொல்ல முடியாதபடி. முயல் கண்ணிலிருந்து பிரித்த நூல், கழுத்தில். அடியில் ஐந்தாவது கால், அது ஒன்றுதான் கால். கால் கோணலாக உட்கார்ந்தபோது செக்கரின் கைகள் தாமாகவே நீண்டன. அவற்றை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, மேலே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

அது பசை காயும்வரைகூடக் காத்திருக்கவில்லை. ஒற்றைக் காலில் தத்தி, சரக் சரக்கென்று மேஜைக்கு அடியில் போயிற்று. மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கால்களைத் தூக்கி வழி விட்டாள். பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

"அந்தக் கால் என்னோடது" என்றாள்.

அப்பா பக்கம் திரும்பினாள். "எனக்கு அப்பவே தெரியும்பா. காலைல நீங்க முட்டி போட்டு உக்காந்து வெட்டறதைப் போர்வைக்குள்ள இருந்து பாத்துக்கிட்டிருப்பேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நிறுத்தியிருப்பேனே."

"எவ்வளவு கவனமா வெட்டுவீங்க தெரியுமா? மூச்சைக்கூடப் பிடிச்சுக்கிட்டு. எனக்காக அப்பா இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யறாரேன்னு நினைச்சேன். எப்படிச் சொல்றது?"

அவள் மடிக்கணினியை மூடிவிட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தாள். ஒரு சோப்புப் பெட்டியைப் பிரித்துக் குதிரை செய்தாள். ஸ்கேல் எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. கை தானாகப் போய்ப் பேத்தியின் பையிலிருந்து அதை எடுத்துக்கொண்டது. நான்கு கால், இரண்டு காது, பின்பக்கம் வால். பசை காய்ந்தது. டீ ஆறியது. மழை விட்டு, தெருவில் சைக்கிள் மணிகள் கேட்கத் தொடங்கின. குதிரை அப்படியே நின்றது.

"நடக்கச் சொல்லும்மா" என்றாள் குழந்தை.

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

செக்கர் குதிரையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு மயிரிழை கூடப் பிசகில்லை. பழைய துண்டுச்சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து எழுதினார்: 'குதிரை. குறை எதுவும் இல்லை.' தேதி போட்டார். கையெழுத்துப் போட மட்டும் நேரம் பிடித்தது. மகள் அதை வாங்கிப் படித்துச் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள், அடுப்பில் ஏதோ வைத்தவள் போல அடுக்களைக்கு எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

விடுமுறை முடிந்து அவர்கள் கிளம்பினார்கள். ஒற்றைக்கால் பிராணியைப் பேத்தி எடுத்துப் போகவில்லை. ரயிலில் அதற்கு நடக்க இடம் இருக்காதாம், தாத்தாவிடமே இருக்கட்டுமாம். அது காலையில் வாளிவரை போகிறது. மதியம் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நாலு மணிவாக்கில் குதிரை நிற்கும் சுவரோரத்துக்கு வந்து, அதன் விலாவில் சிறிது நேரம் சாய்ந்து நிற்கிறது, பிறகு தன் வழியே போகிறது. ஈர நாட்களில் கால் தளர்ந்துவிடுகிறது. செக்கர் கொஞ்சம் பசை தொட்டு, கோணலைக் கோணலாகவே ஒட்டிவிடுகிறார். சரக் சரக்கென்ற சத்தம் கேட்டால் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கால்களைத் தூக்கிக்கொள்கிறார்.