உபசாரத்துக்குச் சொன்ன மெஷின்

ஹாஜி மொயீனி அந்த வார்த்தையை உபசாரத்துக்குத்தான் சொன்னார். எனக்கு அது தெரியாதா என்ன? ஈரானில், எங்கள் யஸ்த் நகரத்தில், டாக்ஸிக்காரன்கூடக் கூலியை நீட்டினால் "உங்ககிட்டப் போய் காசா" என்பான். அதை நம்பி இறங்கி நடந்தால் சட்டையைப் பிடிப்பான்.

அன்று வியாபாரிகள் சங்க விருந்து. பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேஹ்ஷூர் ஆஸ்பத்திரிக்கு நன்கொடை கேட்க, வெள்ளிக்கிழமைகளில் சைக்கிள் மிதிக்கும் எங்கள் ஆறு பேர் கூட்டத்தின் சார்பில் நான் போயிருந்தேன். ஹாஜிக்குச் சொந்தமாக டைல்ஸ் தொழிற்சாலைகள் உண்டு. தேநீரை உறிஞ்சிக்கொண்டே, என் பெயரோடு அன்புக்கு ஒரு 'ஜான்' சேர்த்துச் சொன்னார்:

"டயாலிசிஸ் மெஷின்தானே ஷாபூர் ஜான்? நீங்க ஆறு பேரும் தேஹ்ஷூர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சைக்கிள் மிதிச்சுப் போய் நில்லுங்க. மெஷின் என்னோடது. உங்களுக்கு முன்னால அதெல்லாம் ஒரு பொருளா?"

முறைப்படி நான் மறுக்க வேண்டும். அவர் வற்புறுத்துவார், நான் மறுபடி மறுப்பேன், மூன்றாம் சுற்றில் மெஷின் காற்றோடு போயிருக்கும். நான் கையை நீட்டினேன்.

"சரி ஹாஜி, கை குடுங்க. வர்ற வியாழக்கிழமை கிளம்புறோம்."

சுற்றி இருந்தவர்களுக்குத் தேநீர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஹாஜி கை கொடுத்தார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்வார்?

வெளியே வந்ததும், கூட வந்திருந்த சியாவஷ் பிடித்துக்கொண்டான். எங்கள் கூட்டத்தில் வாய் அதிகம் அவனுக்குத்தான்.

"மூளை கழண்டு போச்சா உங்களுக்கு? அவர் சும்மா சொன்னாரு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கை குடுத்தீங்க?"

"தெரிஞ்சுதான். இனிமே எனக்கு உபசாரம் காது கேக்காதுடா."

என் தங்கை பரிசாத் தேஹ்ஷூரில் வாழ்க்கைப்பட்டவள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரம் மூன்று முறை பாலைவனத்தைத் தாண்டி யஸ்துக்கு பஸ்ஸில் வந்து போகிறாள். அந்த ஊரில் அவளைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். யார் நலம் விசாரித்தாலும் "கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்பாள். என்னிடம் மட்டும் ஒருநாள் போனில் சொன்னாள்: "இனிமே நான் பஸ் ஏறல அண்ணா. போதும்." பஸ் ஏறாவிட்டால் இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கெஞ்சினேன், திட்டினேன். விருந்து முடிந்த அன்று ராத்திரி, "நாங்க சைக்கிள்ல அங்க வந்து சேர்ற வரைக்குமாவது ஏறு" என்று சத்தியம் வாங்கினேன். தேஹ்ஷூரில் அறையும் நர்ஸும் தயார். மெஷினுக்கு வேண்டிய தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்கு நாங்கள் வழியில் வசூலிப்பதாக ஏற்பாடு. மெஷின் இல்லாவிட்டால் அத்தனையும் வீண்.

கிளம்பினோம். முன் சைக்கிளில் உண்டியல், பின்னால் தண்ணீரும் ரொட்டியும் ஏற்றிய பிக்கப். கிராமத்துக்குக் கிராமம் ஜனங்கள் உண்டியலை நிரப்பினார்கள். கூடவே தேநீர், மாதுளை, "ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்" என்ற பிடிவாதம். எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தால் புது வருஷத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்போம். நான் முகத்தில் அடித்த மாதிரி மறுத்து, முரடன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, ஆட்களை இழுத்துக்கொண்டு போனேன்.

பிக்கப் டிரைவருக்கு அந்தத் துணிச்சல் இல்லை. கடைசிக் கிராமத்தில் யாரோ ஒருவர் ஆட்டுக்கறிச் சோற்றுக்குக் கூப்பிட, மறுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். எங்களுக்கு அது தெரியாது. அதற்கப்புறம் வெறும் உப்புத் தரை, எதிர்க்காற்று, மணல். பல்லுக்கிடையில் மணல் நறநறத்தது. திரும்பிப் பார்த்தால் பிக்கப்பைக் காணோம்.

மீந்திருந்தது ஒரு பாட்டில் தண்ணீர். அதைக் கேவானிடம் கொடுத்தேன். எங்களில் வயதில் மூத்தவர், மருந்துக் கடைக்காரர்.

"ஐயோ ஷாபூர் ஜான், எனக்குத் தாகமே இல்ல" என்று அடுத்தவனிடம் நீட்டினார். அவன் "பெரியவங்க இருக்கும்போது நானா" என்று சியாவஷிடம் கொடுத்தான். வாயாடி சியாவஷ்கூட "முதல்ல நீங்க" என்றான். பாட்டில் ஆறு கையும் சுற்றி என்னிடமே வந்தது. தூக்கிப் பார்த்தேன், ஒரு சொட்டுக் குறையவில்லை. அந்த நேரத்தில் கேவான் சைக்கிளோடு சாய்ந்தார்.

முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயில் ஊற்றி, மடியில் கிடத்தினோம். கண் திறந்ததும் முதல் வேலையாக "உங்களுக்கெல்லாம் சிரமம் குடுத்துட்டேன், மன்னிக்கணும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்.

"சாகும்போதுமா உபசாரம்? கேட்டுக்கங்க எல்லாரும். தேஹ்ஷூர் போய்ச் சேர்ற வரைக்கும் ஒருத்தன் வாயிலயும் அந்தப் பேச்சு வரக் கூடாது. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. வேணும்னா வேணும்னு சொல்லு."

சியாவஷ் தொண்டையைச் செருமினான்.

"அப்ப நான் ஒண்ணு சொல்றேன். கேவான் ஜான், நீங்க பாடுறதை நிறுத்தணும். காலையிலேர்ந்து கழுத்தறுக்குது."

"நீ காலுக்குத் தடவுற தைலம் செத்த எலி மாதிரி நாறுது. நான் எதாவது சொன்னேனா?" என்றார் கேவான், படுத்தபடியே.

சிரித்தோம். உதடு வெடித்து ரத்தம் வந்தது, அப்படியும் சிரித்தோம். பிறகு நான் கேட்டேன்: "உண்மையைச் சொல்லுங்க. முடியுமா?"

"முட்டி போயிடுச்சு. இந்த வேகத்துல முடியாது" என்றார். "ஆனா வண்டியில ஏற மாட்டேன். ஒருத்தன் ஏறினாலும் ஹாஜிக்கு அதுவே சாக்காயிடும். மெதுவாப் போங்க, காத்தை மறைங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

பிக்கப் அசடு வழிந்துகொண்டு வந்து சேர்ந்தது. டிரைவருக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. தண்ணீர் குடித்தோம், கேவானை நடுவில் விட்டு நாங்கள் மாறி மாறி முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டோம். தொடை எரிந்தது. பரிசாத் இந்தச் சாலையில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு போவதை நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஊரே கூடியிருந்தது. சாம்பிராணி போல விதைகளைப் புகைத்து எங்களுக்குத் திருஷ்டி கழித்தார்கள். ஹாஜியும் காரில் வந்திருந்தார், கையில் பூங்கொத்து. கிராமம் கிராமமாகச் செய்தி பரவிவிட்டதால் வராமல் இருக்க முடியவில்லை.

"உங்க கால் தூசிக்கு ஈடாகுமா ஒரு மெஷின்" என்று ஆரம்பித்தார். "புது வருஷம் கழியட்டும், சந்தை கொஞ்சம் நிமிரட்டும், கடவுள் சித்தம் இருந்தா..."

எனக்கு உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது. வாயைத் திறப்பதற்குள் ஹாஜி, பேச்சை மாற்றுகிற அவசரத்தில், சுவரோரம் நாற்காலியில் இருந்த பரிசாத் பக்கம் திரும்பினார்.

"எப்படி இருக்கீங்க தங்கச்சி? உடம்பு சௌக்கியமா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் நாட்டில் ஒரே பதில்தான். அதற்குத் தலையாட்ட அவர் தயாராகக்கூட இருந்தார்.

"நல்லா இல்ல ஹாஜி" என்றாள் பரிசாத்.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பஸ்ஸுல திரும்பி வரும்போது கண்ணு இருட்டும். இறங்கினா என் மகதான் என்னை வீடு வரைக்கும் தாங்கிட்டுப் போறா. அவளுக்குப் பன்னெண்டு வயசு. அண்ணனுக்குக் குடுத்த வார்த்தைக்காக இவ்வளவு நாள் ஏறினேன். அவங்க வந்துட்டாங்க, வார்த்தை முடிஞ்சுபோச்சு. நாளைக்கு நான் பஸ் ஏறல. நீங்க சொல்ற புது வருஷத்துக்கு நான் இருக்க மாட்டேன்."

ஹாஜியின் வாய் பழக்கத்தில் "கடவுள் உங்களை..." என்று தொடங்கி நின்றது. பூங்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கேவானிடம் கொடுத்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவில்லை.

"பஸ் வேண்டாம்" என்றார் கடைசியில். குரல் வேறாக இருந்தது. "நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். என் வண்டியில வருவீங்களா?"

பரிசாத் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "வர்றேன்" என்றாள்.

போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது உப்புத் தரைக்கு நடுவில் அவளுக்கு வாந்தி வந்து, மயக்கமும் வந்ததாம். ஹாஜி சாலையோரத்தில் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, அங்கிருந்தே தன் கணக்குப்பிள்ளைக்குப் போன் போட்டு, மெஷினுக்கு அன்றைக்கே பணத்தைக் கட்டச் சொன்னாராம். அது வந்து சேரும்வரை கார் தவறாமல் அவள் வாசலுக்குப் போனது. மற்ற நோயாளிகளையும் அதிலேயே ஏற்றிக்கொண்டார்கள்.

மெஷின் ஓடத் தொடங்கிய அன்று சாயங்காலம் பரிசாத் போன் செய்தாள்.

"அண்ணா, இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். நடந்தே வந்துட்டேன். இப்ப அடுப்புல சோறு வேகுது."